அளவு பொருந்தினால்தான் விற்பனை: இணைய மிதிவண்டிக் கடைக்கான இடைமுக வடிவமைப்பு – முழுமையான வழிகாட்டி

மிதிவண்டிக் கடைக்கு நேரில் வருபவரைக் கடைக்காரர் ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தாலே போதும். எந்த வண்டியை இறக்கிக் காட்டுவது என்று அவருக்குத் தெரிந்துவிடும். உட்காரச் சொல்வார், சீட்டை ஏற்றி இறக்குவார், கால் தரையில் ஊன்றுகிறதா என்று கவனிப்பார். பழைய டியூபைக் கையோடு கொண்டுவந்தவரிடம் கேள்வி எதுவும் கேட்காமலே அதே அளவில் புதியதை எடுத்து நீட்டுவார். இணையக் கடையில் இந்தக் கண் இல்லை. வாங்குபவர் தன் உயரத்தையும் தன் பழைய வண்டியையும் தானே அளந்து சொல்ல வேண்டியிருக்கிறது; அதைக் கேட்டுச் சரியான பொருளை எடுத்துத் தரும் பொறுப்பு முழுவதும், திரையில் அவர் பார்த்துத் தொட்டுப் பயன்படுத்தும் இடைமுகத்தின் மேல் விழுகிறது. ஆகவே இந்த வழிகாட்டி நிறத்திலிருந்தோ முகப்புப் படத்திலிருந்தோ தொடங்கவில்லை. "இது எனக்குப் பொருந்துமா, என் வண்டிக்குப் பொருந்துமா" என்ற கேள்வியிலிருந்து தொடங்குகிறது. தமிழ்நாட்டு நகரங்களுக்கும் சிற்றூர்களுக்கும் வண்டியும் உதிரிபாகமும் அனுப்புகிற ஒரு நடுத்தரக் கடையை மனத்தில் வைத்து இது எழுதப்பட்டுள்ளது.

படி 1: வருபவர்களைப் பிரித்தறிதல்

இத்தகைய கடைக்கு வருபவர்கள் பெரும்பாலும் மூன்று வகையினர். குழந்தைக்கு வண்டி வாங்கும் பெற்றோர் முதல் வகை. அவர்களுக்குச் சக்கர அளவு பற்றி எதுவும் தெரியாது, குழந்தையின் வயது மட்டும் தெரியும். வேலைக்குச் செல்லவோ உடற்பயிற்சிக்கோ தனக்கென வண்டி தேடுபவர் இரண்டாம் வகை. இவர் வாரக்கணக்கில் ஒப்பிட்டுப் பார்ப்பார், பலமுறை திரும்பி வருவார். உதிரிபாகம் தேடுபவர் மூன்றாம் வகை. பள்ளியில் அரசு விலையில்லாமல் கொடுத்த வண்டிக்கு டயர் தேடும் குடும்பமும் இதில் உண்டு, கியர் வண்டிக்குச் செயின் தேடும் ஆர்வலரும் உண்டு. இவர்கள் மூவரையும் ஒரே பட்டியலுக்குள் தள்ளுவதுதான் பல கடைகளின் முதல் கோளாறு. முகப்புப் பக்கத்தின் மேற்பகுதியில், நகரும் விளம்பரப் பலகைகளுக்குப் பதிலாக, "குழந்தைக்கு வண்டி", "பெரியவருக்கு வண்டி", "உதிரிபாகம்" என்ற மூன்று வாசல்களைத் தெளிவாகத் திறந்து வையுங்கள்.

படி 2: திரைக்கு முன்னால் தரவு

வடிவமைப்பாளர் திரையை வரையத் தொடங்கும் முன், ஒவ்வொரு பொருளுக்கும் என்னென்ன அளவுகள் கைவசம் உள்ளன என்று பார்க்க வேண்டும். பெயர், விலை, நிறம், கியர் எண்ணிக்கை ஆகியவற்றோடு நின்றுவிடும் பட்டியலை வைத்துக்கொண்டு எந்தத் திரையாலும் பொருத்தம் சொல்ல முடியாது. வண்டிக்குக் குறைந்தபட்சம் இவை தேவை: தரையிலிருந்து சீட்டின் மிகக் குறைந்த உயரமும் மிக அதிக உயரமும், குறுக்குத்தண்டின் மேல்விளிம்பு தரையிலிருந்து இருக்கும் உயரம், வண்டியின் எடை, டயரின் முழு அளவு, வால்வு வகை, பிரேக் வகை, பின்சக்கரப் பல்சக்கரத் தொகுதியின் வகை. பந்தய வகை வண்டிகளுக்கு இவற்றோடு ஸ்டேக் (stack), ரீச் (reach) என்ற இரண்டு அளவுகளும் வேண்டும். பெடல் அச்சின் மையத்திலிருந்து ஹேண்டில் குழாயின் உச்சி எவ்வளவு உயரத்தில், எவ்வளவு முன்னால் இருக்கிறது என்பதை அவை சொல்கின்றன. ஒரு நிறுவனத்தின் "எம்" இன்னொரு நிறுவனத்தின் "எம்" அல்ல என்பதால், எழுத்து அளவை மட்டும் நம்ப முடியாது.

இவற்றில் சில அளவுகளைத் தயாரிப்பாளர் தருவதில்லை. கடையில் வண்டி நிற்கிறது, அளவுநாடாவும் இருக்கிறது, அளந்துவிடலாம். இது அலுப்பான வேலைதான், ஆனால் போட்டிக் கடைகள் செய்யாமல் விடுகிற வேலையும் இதுதான்.

படி 3: ஆளுக்கேற்ற அளவைக் கண்டறிய உதவுதல்

குழந்தை வண்டிகளில் வயதை வைத்து அளவு சொல்லும் பழக்கம் பரவலாக இருக்கிறது. ஒரே வகுப்பில் படிக்கும் இரண்டு எட்டு வயதுப் பிள்ளைகளின் உயரம் ஒரு சாண் வேறுபடக்கூடும். ஆகவே வயதைக் கேட்கலாம், ஆனால் உயரத்தைக் கொண்டு முடிவு செய்ய வேண்டும். தோராயமாக, 16 அங்குலச் சக்கரம் 105 முதல் 120 செ.மீ. உயரத்துக்கும், 20 அங்குலம் 115 முதல் 135 செ.மீ. வரைக்கும், 24 அங்குலம் 130 முதல் 150 செ.மீ. வரைக்கும் பொருந்தும். எல்லைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருப்பதைக் கவனியுங்கள். 118 செ.மீ. உயரமுள்ள பிள்ளைக்கு இரண்டு அளவுகளும் சரி என்று திரை சொன்னால் பெற்றோர் குழம்புவார்கள். அங்கேதான் சீட்டின் குறைந்தபட்ச உயரம் துணைக்கு வருகிறது. குழந்தையின் கால் உள்ளளவு (கவட்டிலிருந்து தரைவரை உள்ள நீளம்) அந்த உயரத்தைவிட அதிகமாக இருந்தால், சீட்டில் உட்கார்ந்தபடியே இரண்டு பாதங்களையும் தரையில் ஊன்ற முடியும். புதிதாகப் பழகும் குழந்தைக்கு அது கட்டாயம். ஏற்கெனவே ஓட்டத் தெரிந்த குழந்தைக்கு நுனிக்கால் எட்டினால் போதும். "குழந்தைக்கு ஓட்டத் தெரியுமா" என்று ஒரேயொரு கேள்வி கேட்டால் இந்த முடிவை இடைமுகமே எடுத்துவிடலாம்.

"வளருகிற பிள்ளை, ஒரு அளவு பெரிதாகவே எடுப்போம்" என்று நம் வீடுகளில் சொல்வதை வடிவமைப்பாளர் கணக்கில் கொள்ள வேண்டும். பெரிய அளவைத் தேர்ந்தெடுப்பதைத் தடுக்கத் தேவையில்லை. ஆனால் தேர்ந்தெடுத்த உடனேயே, அதே இடத்தில், "இந்த வண்டியில் இப்போது கால் தரைக்கு எட்டாது, உயரம் சுமார் இவ்வளவு ஆன பிறகே எட்டும்" என்று எண்ணோடு சொல்ல வேண்டும். பொத்தானை முடக்குவதைவிட இந்த ஒரு வரி அதிக வேலை செய்யும்.

பெரியவர்களுக்கு உயரம் மட்டும் போதாது. கால் உள்ளளவு வேண்டும். அதை எப்படி அளப்பது என்பதை ஒரு எளிய கோட்டுப் படத்தோடு விளக்குங்கள்: வெறுங்காலுடன் சுவரில் முதுகு சாய்ந்து நின்று, ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தைக் கால்களுக்கிடையே, புத்தகத்தின் முதுகுப்பகுதி மேல்நோக்கி இருக்குமாறு, சீட்டில் உட்காரும்போது உணரும் அழுத்தம் வரும்வரை உயர்த்தி, புத்தகத்தின் மேல்விளிம்பிலிருந்து தரைவரை அளக்க வேண்டும். அந்த அளவிலிருந்து குறுக்குத்தண்டின் உயரத்தைக் கழித்தால் கிடைப்பது இடைவெளி. சாலை வண்டிக்கு அது இரண்டு மூன்று செ.மீ. இருந்தால் போதும், கரடுமுரடான பாதையில் ஓட்டும் மலை வண்டிக்கு 5 செ.மீ.யாவது இருப்பது நல்லது. இந்தக் கணக்கை வாங்குபவர் தலையில் கட்டாமல், அவர் கொடுத்த எண்ணை வைத்து ஒவ்வொரு அளவின் அருகிலும் "உங்களுக்கு 4 செ.மீ. இடைவெளி கிடைக்கும்" என்று காட்டுங்கள். ஒருமுறை கொடுத்த அளவைக் கடை நினைவில் வைத்துக்கொண்டு எல்லாப் பக்கங்களிலும் பயன்படுத்த வேண்டும். பக்கத்துக்குப் பக்கம் கேட்டால் யாரும் பதில் சொல்ல மாட்டார்கள்.

வண்டிகளை "ஆண்கள்", "பெண்கள்" என்று பிரிக்கும் பழக்கத்தை விட்டுவிடலாம். உண்மையில் வாங்குபவர் தேடுவது குறுக்குத்தண்டு தாழ்ந்திருக்கிறதா, உயர்ந்திருக்கிறதா என்பதைத்தான். சேலை உடுத்துபவருக்கும் வேட்டி கட்டுபவருக்கும் முழங்கால் வலியுள்ள முதியவருக்கும் தாழ்ந்த தண்டுதான் வசதி. சட்டகத்தின் வடிவத்தைச் சிறு வரைபடமாகக் காட்டி, அதையே பட்டியலைச் சுருக்கும் வடிகட்டியாக (filter) வையுங்கள்.

படி 4: வண்டிக்கேற்ற உதிரிபாகம்

இந்தப் பகுதிதான் மிகக் கடினமானது. "26 அங்குல டயர்" என்று ஒருவர் தேடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மலை வண்டிகளில் வரும் 26 × 1.95 டயர் உட்காரும் ரிம்மின் விட்டம் 559 மி.மீ.; பழைய மாதிரி லேடீஸ் வண்டிகளில் வரும் 26 × 1 3/8 டயருக்கு அது 590 மி.மீ. இரண்டும் 26 என்றே அழைக்கப்படுகின்றன, ஒன்று மற்றொன்றில் ஏறவே ஏறாது. மறுபக்கம், 29 அங்குலம் என்றும் 700சி என்றும் இரண்டு பெயரில் விற்கப்படுபவை ஒரே 622 மி.மீ. ரிம் விட்டத்தைக் கொண்டவை. ஆனால் அகலம் வேறு என்பதால் ஒன்றன் இடத்தில் மற்றொன்றைக் கண்ணை மூடிக்கொண்டு போட முடியாது. பாரம் ஏற்றும் பழைய 28 × 1 1/2 வண்டியின் ரிம் 635 மி.மீ.

அங்குலக் கணக்கின் இந்தக் குழப்பத்தைத் தீர்க்கவே ஐஎஸ்ஓ 5775 என்ற பன்னாட்டுத் தரம் இருக்கிறது. அதன்படி பெரும்பாலான டயர்களின் பக்கவாட்டில் "50-559" போல இரண்டு எண்கள் அச்சிடப்பட்டிருக்கும். முதலாவது டயரின் அகலம், இரண்டாவது ரிம்மின் விட்டம், இரண்டும் மில்லிமீட்டரில். கடையின் தரவுத்தளம் இந்த எண்ணை அடிப்படையாகக் கொள்ள வேண்டும். அங்குலப் பெயர்கள் அதன் மேல் ஒட்டிய சீட்டுகளாக இருக்கட்டும். தேடல் பெட்டியில் "26 டயர்" என்று வந்தால், முடிவுகளை அப்படியே கொட்டாமல், "உங்கள் டயரின் பக்கவாட்டில் 559 என்று உள்ளதா, 590 என்று உள்ளதா?" என்று கேட்டு, அந்த எண் எங்கே இருக்கும் என்பதை நெருக்கப் புகைப்படத்தில் சுட்டிக் காட்டுங்கள். எண் தேய்ந்துபோன டயர்களும் உண்டு என்பதால், டயரைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பும் வழியையும் அதே இடத்தில் கொடுங்கள்.

டியூபுக்கு இன்னொரு கேள்வியும் உண்டு: வால்வு. மோட்டார் சைக்கிளில் இருப்பதுபோன்ற தடித்த ஷ்ரேடர், மெல்லிய பிரெஸ்டா, சாதாரண வண்டிகளில் வால்டியூபோடு வரும் டன்லப் என மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எடுத்த ஒரே புகைப்படம், மூன்று பத்தி விளக்கத்துக்குச் சமம். ஷ்ரேடருக்கு ரிம்மில் சுமார் 8.5 மி.மீ. துளையும் பிரெஸ்டாவுக்குச் சுமார் 6.5 மி.மீ. துளையும் இருக்கும் என்பதால், மாற்றி வாங்கியவருக்குத் தடித்த வால்வு துளைக்குள் நுழையாது.

கியர் பாகங்களில் கவனம் இன்னும் கூட வேண்டும். "7 கியர்" என்று மட்டும் எழுதினால் போதாது. பின்சக்கரத்தில் மரையிட்டுத் திருகும் ஃப்ரீவீலா, உருளையின்மேல் செருகும் கேசட்டா என்பதையும் சொல்ல வேண்டும். ஒன்றுக்கு மற்றொன்று பொருந்தாது, பார்வைக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். செயினும் அப்படியே, பின்புறப் பல்சக்கரங்களின் எண்ணிக்கை கூடக்கூடச் செயின் குறுகிக்கொண்டே போகும்.

திரும்ப வருபவருக்காக "என் வண்டி" என்ற சேமிப்புப் பகுதியை அமையுங்கள். வண்டியின் மாதிரியையோ டயர் எண்ணையோ ஒருமுறை பதிந்துவிட்டால், அதன் பிறகு ஒவ்வொரு உதிரிபாகத்தின் அருகிலும் "பொருந்தும்", "பொருந்தாது", "உறுதியாகத் தெரியவில்லை" என்ற மூன்றில் ஒன்று தோன்ற வேண்டும். மூன்றாவது நிலையைச் சேர்க்கக் கடைக்காரர்கள் தயங்குவார்கள். ஆனால் தெரியாததைத் தெரிந்ததுபோல் காட்டி அனுப்பிய பாகம் திரும்பி வரும்போது போக்குவரத்துச் செலவு இரண்டு மடங்கு.

படி 5: தேடலும் வடிகட்டிகளும்

நம் ஊரில் பாகங்களின் பெயர்கள் பட்டறைத் தமிழில் வழங்குகின்றன. பிரேக் கட்டை என்று தேடுபவரும் பிரேக் ஷூ என்று தேடுபவரும் ஒன்றையே கேட்கிறார்கள். கம்பி, ஸ்போக்ஸ், போக்ஸ் மூன்றும் ஒன்றுதான். ட்யூப், டியூப், டியூபு என்று எழுத்திலும் வேறுபாடு வரும். ஆங்கில எழுத்துகளில் தமிழைத் தட்டச்சு செய்பவர்களும் ஏராளம். ஆகவே ஒத்த சொற்களின் பட்டியலை மெக்கானிக் ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு தயாரியுங்கள். முடிவே கிடைக்காத தேடல்களை வாரம் ஒருமுறை எடுத்துப் பார்த்தால் அந்தப் பட்டியல் தானாகவே வளரும்.

வடிகட்டிகளில் பொருத்தம் முதலில், பயன்பாடு அடுத்தது, விலை அதற்கடுத்தது. கியர் எண்ணிக்கையை மேலே வைத்தால், 21 கியர் உள்ளது 7 கியர் உள்ளதைவிட மூன்று மடங்கு சிறந்தது என்ற தவறான எண்ணத்தைக் கடையே வளர்ப்பதாகிவிடும். கைபேசியில் ஒவ்வொரு தெரிவுக்கும் பக்கம் புதிதாக ஏறக் கூடாது. எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்த பின் "12 வண்டிகளைக் காட்டு" என்பதுபோல் எண்ணிக்கையுடன் கூடிய ஒரே பொத்தான் போதும்.

படி 6: பொருள் பக்கம்

முதற்படம், செயின் இருக்கும் வலப்பக்கத்திலிருந்து எடுத்த முழு வண்டியின் படமாக இருக்கட்டும். கியர் அமைப்பு தெரிவது அந்தப் பக்கத்தில்தான். அடுத்து பிரேக், பின்பல்சக்கரம், டயரின் பக்கவாட்டு எழுத்து, சட்டகத்தின் பற்றவைப்பு ஆகியவற்றின் நெருக்கப் படங்கள், பிறகு உயரம் குறிப்பிடப்பட்ட ஒருவர் வண்டியோடு நிற்கும் படம். மட்கார்டு, ஸ்டாண்டு, பெல், கேரியர் ஆகியவை படத்தில் இருந்து பெட்டியில் இல்லாவிட்டால் சண்டைதான் மிஞ்சும். "பெட்டியில் வருபவை", "வராதவை" என்ற இரண்டு வரிகள் விலைக்கு அருகிலேயே இருக்க வேண்டும்.

தொழில்நுட்ப அட்டவணையைக் கீழே முழுமையாகக் கொடுங்கள். ஆனால் மேற்பகுதியில் ஒவ்வொரு அம்சமும் ஓட்டுபவருக்கு என்ன செய்யும் என்று சொல்லப்பட வேண்டும். "160 மி.மீ. டிஸ்க்" என்பதோடு "மழையில் ரிம் நனைந்தாலும் பிரேக் பிடிக்கும்" என்று சேர்த்தால் பெற்றோருக்கும் புரியும், விவரம் தெரிந்தவருக்கும் உறுத்தாது.

படி 7: அனுப்புதலும் பூட்டுதலும்

கூரியர் நிறுவனங்கள் பல, உண்மை எடையையும் பெட்டியின் கன அளவையும் ஒப்பிட்டு எது அதிகமோ அதற்கே கட்டணம் வாங்குகின்றன. நீளம், அகலம், உயரம் ஆகியவற்றைச் செ.மீ.யில் பெருக்கி 5,000 ஆல் வகுப்பது பரவலான முறை. 140 × 20 × 75 செ.மீ. பெட்டியில் போகும் 16 கிலோ வண்டிக்கு இக்கணக்கில் 42 கிலோவுக்கான கட்டணம் வரும். இத்தொகை கடைசிப் பக்கத்தில் திடீரென முளைத்தால் வாங்குபவர் போய்விடுவார். எனவே பொருள் பக்கத்திலேயே ஆறு இலக்கப் பின்கோடைக் கேட்டு, கட்டணத்தையும் வந்துசேரும் நாளையும் காட்டுங்கள்.

வண்டி முழுதாகப் பூட்டப்பட்டு வருவதில்லை. முன்சக்கரம், ஹேண்டில்பார், பெடல், சீட் ஆகியவற்றை மாட்ட வேண்டியிருக்கும். இதை மறைக்காமல், "நானே பூட்டிக்கொள்கிறேன்", "மெக்கானிக் வீட்டுக்கு வரட்டும்" என்ற தெரிவுகளை விலையுடன் வையுங்கள். தானே பூட்டுபவருக்குத் தேவைப்படும் ஆலன் சாவிகளின் அளவுகளையும், 15 மி.மீ. பெடல் ஸ்பேனரையும், இடப்பக்கப் பெடல் எதிர்த்திசையில் திருகும் மரை கொண்டது என்பதையும் வாங்கும் முன்னரே சொல்லுங்கள். அதை அறியாமல் முறுக்கித் திருகினால் மரை அழிந்து, பெடல் தண்டையே மாற்ற வேண்டியதாகிவிடும்.

படி 8: கூடை, முகவரி, பணம்

கணக்குத் தொடங்காமல் வாங்க அனுமதியுங்கள். கைபேசி எண் போதும். பெயருக்கு ஒரே கட்டம் வையுங்கள். முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டையும் கட்டாயமாக்கும் படிவத்தில், தலைப்பெழுத்தும் ஒரே பெயரும் உள்ள தமிழர் எதை எங்கே எழுதுவார்? பின்கோடை முதலில் கேட்டு மாவட்டத்தையும் மாநிலத்தையும் தானாக நிரப்புங்கள்; அருகிலுள்ள அடையாளத்துக்கு ஒரு கட்டம் கொடுங்கள், ஏனென்றால் பல ஊர்களில் கதவு எண்ணைவிடக் கோயிலும் பள்ளிக்கூடமும்தான் வழி காட்டுகின்றன.

யுபிஐ கட்டணம் கைபேசியில் நேராகச் செயலியைத் திறக்க வேண்டும். கணினியில் க்யூஆர் குறியீட்டைக் காட்ட வேண்டும். பணம் போய்விட்டது, ஆனால் உறுதிச்செய்தி வரவில்லை என்ற இடைநிலைக்கென்று தனித் திரை ஒன்றைக் கட்டாயம் வடிவமையுங்கள். "சரிபார்க்கிறோம், மறுபடி பணம் செலுத்த வேண்டாம்" என்ற வரியும் ஆர்டர் எண்ணும் அதில் இல்லாவிட்டால், பதற்றத்தில் ஒரே வண்டிக்கு இரண்டு முறை பணம் வந்துசேரும்.

சட்டம் இங்கே வடிவமைப்புக்குள் நேரடியாக நுழைகிறது. 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, முன்கூட்டியே டிக் செய்த கட்டங்கள் வழியாக ஒப்புதல் பெறக் கூடாது. மொத்த விலையை அதன் கூறுகளோடு காட்ட வேண்டும். குறைதீர் அலுவலரின் பெயரும் தொடர்பும் தளத்தில் இருக்க வேண்டும். புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதல்கள், ஏமாற்று வடிவமைப்புகளில் 13 வகைகளைப் பெயர் சொல்லித் தடை செய்கின்றன. கேட்காமலே கூடையில் பூட்டையும் காப்பீட்டையும் சேர்ப்பது, இருப்பு நிறைய இருக்க "இன்னும் ஒன்றே ஒன்று" என்று அவசரப்படுத்துவது, கட்டணத்தைக் கடைசியில் ஏற்றுவது ஆகியவை அப்பட்டியலில் உள்ளவை.

படி 9: கைபேசியும் வேகமும் எழுத்தும்

மெல்லிய கம்பிகள் நிறைந்த சக்கரப் படங்களை அதிகம் சுருக்கினால் கம்பிகளைச் சுற்றிக் கறைபோல் படியும், சுருக்காவிட்டால் கோப்பு பெரிதாகும். வெப்பி (WebP) போன்ற புதிய பட வடிவங்களைப் பயன்படுத்தி, திரைக்கேற்ற அளவில் மட்டும் அனுப்புங்கள். முக்கியப் படம் 2.5 விநாடிக்குள் தோன்ற வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவுகோல். எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே 4.5க்கு 1 என்ற வெளிச்ச வேறுபாடு (contrast) இருப்பது, பார்வை குறைந்தவர்களும் படிப்பதற்கான அணுகல்தன்மை விதி. வெயிலில் நின்றபடி திரையைப் பார்ப்பவருக்கும் அது உதவும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை, எழுத்தின் மேலும் கீழும் குறிகள் ஏறுபவை. ஆங்கிலத்தில் வரைந்த பொத்தானில் தமிழைத் திணித்தால் வெட்டுப்படும். பொத்தானைத் தமிழ்ச் சொல்லை வைத்தே முதலில் வரையுங்கள்.

படி 10: பார்த்துத் திருத்துதல்

ஐந்து பேரை உட்காரவைத்து, "125 செ.மீ. உயரமுள்ள, ஓட்டத் தெரியாத பிள்ளைக்கு வண்டி எடுங்கள்", "உங்கள் வீட்டு வண்டிக்கு டியூப் எடுங்கள்" என்று சொல்லிவிட்டு வாய் திறக்காமல் பாருங்கள். இரண்டாவது வேலையைச் சொன்னதும் அவர்கள் எழுந்து வண்டியைப் பார்க்கப் போகிறார்களா என்பதைக் கவனியுங்கள். போனால், கைபேசியைக் கையில் வைத்தபடி வண்டியருகே குனிந்து படிக்கும்படி அந்தத் திரை இருக்க வேண்டும்.

தளம் இயங்கத் தொடங்கிய பிறகு, திரும்பி வரும் ஒவ்வொரு பொருளுக்கும் காரணத்தைப் பதியுங்கள். "பிடிக்கவில்லை" என்ற பொதுக் காரணம் பயன்படாது. "சீட் உயரம் அதிகம்", "வால்வு நுழையவில்லை", "செயின் அகலம் வேறு" என்று குறிப்பாக இருக்க வேண்டும். ஒரே மாதிரி வண்டிக்கு ஒரே காரணம் மீண்டும் வந்தால், கிடங்கில் இருக்கும் அந்த வண்டியை வெளியே எடுத்து நாடாவை வைத்து மறுபடி அளந்து, படி 2இல் சொன்ன பட்டியலில் எண்ணைத் திருத்துங்கள்.